வாரக்கோழிக்கு ஒரு வக்காலத்து

அநியாயம் நடந்தது எனக்கு இல்லை மாமா, கோமளத்துக்கு. உடம்பு தேறிவிட்டாள் என்ற ஒரே குற்றத்துக்காக இன்றைக்கு மத்தியானம் அவளை அறுக்கப் போகிறார்கள். அறுக்கச் சொன்னது உங்கள் மாமியார். அறுப்பது உங்களுக்காக.

உட்காருங்கள், உட்காருங்கள். எழுந்து எங்கே போவீர்கள், பஸ்தான் கிளம்பிவிட்டதே. கோழி மாமா, கோழி! கோமளம் என்றதும் மனுஷி என்று நினைத்துவிட்டீர்களா? முகமெல்லாம் வெளுத்துப்போயிற்று.

என்னைத் தெரியவில்லையா? உங்கள் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில், குறுக்கே முதுகைக் காட்டி நின்ற வீடியோக்காரரோடு ஒருத்தி சண்டை போட்டாளே. மேளத்துக்கு மேலே கேட்டதே ஒரு சத்தம். அந்தத் தாரணி. உங்கள் மாமியார் தெய்வானை அத்தை வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலிதான். ஆடிக்கு ரேணுகா அக்காவைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள், இன்றைக்கு ஆடி விருந்துக்கு நீங்கள் வருகிறீர்கள், தாராபுரத்தில் இந்த பஸ்ஸைத்தான் பிடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த சீட்டில் பையை வைத்து உங்களுக்கு இடம் பிடித்தேன். அந்தப் பையைச் சற்றுத் திறந்து பாருங்கள். சின்ன வெங்காயம், வரமல்லி, மிளகு, ஒரு முற்றின தேங்காய். கோமளத்தைக் குழம்பு வைக்க வேண்டிய சாமான்கள். வாங்கிவர யாரை அனுப்பியிருக்கிறார்கள் பாருங்கள், என்னை! அவளுக்கு வைத்தியம் பார்த்த என்னை!

முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமா? சரி, நான் சாப்பிடுகிறேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

முதலில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கோமளம் வாரக்கோழி. உங்கள் ஊரில் இந்த வழக்கம் உண்டோ என்னவோ. தெய்வானை அத்தை முட்டைக்கு வரப்போகிற ஒரு விடைக்கோழியை எங்கள் அம்மாவிடம் வாரத்துக்கு விட்டார். கோழி அவருடையது, வளர்ப்பது நாங்கள். தீனி, தண்ணீர், கவிழ்த்து அடைத்து வைக்க மூங்கில் கொடாப்பு, நாயிடமிருந்தும் கீரியிடமிருந்தும் காவல், எல்லாம் எங்கள் பொறுப்பு. குஞ்சு பொரித்துத் தேறுவதில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. தாய்க்கோழி மட்டும் எப்போதும் கொடுத்தவருக்கே சொந்தம். நான் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன் மாமா, உலகத்து அரசியல் சாசனமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கச்சிதமாக ஓர் ஏற்பாட்டை எங்கேயும் பார்த்ததில்லை. ஒரே ஓட்டை, கோழிக்கு இதில் பேச்சுரிமை இல்லை. அந்த ஓட்டையைத்தான் நான் அடைக்கிறேன்.

விடுமுறைக்கு வந்ததிலிருந்து கோமளத்தின் சாப்பாட்டை நான்தான் கவனித்துக்கொண்டேன். அம்மா போடுகிற நொய்யும் பழைய சோறும் மட்டும் போதுமா? பச்சைத்தீனி வேண்டாமா? வாய்க்கால் ஓரத்திலிருந்து அருகம்புல் பிடுங்கி வந்து நீள நீளமாக அப்படியே போடுவேன். வெட்டிப் போட்டால் சத்து போய்விடும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். அவளும் நூடுல்ஸ் மாதிரி உறிஞ்சி உறிஞ்சித் தின்பாள். பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அப்படி ராஜபோகமாக வளர்ந்த கோழி ஒருநாள் காலையில் கொடாப்பைத் தூக்கியும் வெளியே வரவில்லை. கழுத்தை முன்னால் நீட்டி நீட்டி இழுக்கிறாள். இறகெல்லாம் உப்பிப்போய் நிற்கிறாள். தூக்கிப் பார்த்தால் நெஞ்சுக்கு மேலே, வலது பக்கத்தில், கல்லு மாதிரி ஓர் உருண்டை. தீனிப்பை மாமா. கோழி தின்பதெல்லாம் முதலில் அங்கேதான் போய் ஊறும், அப்புறம்தான் உள்ளே இறங்கும். சாயங்காலம் அது நிறைந்திருக்கும், ராத்திரியெல்லாம் இறங்கி விடிந்ததும் காலியாக இருக்கும். கோமளத்துக்கு விடிந்த பிறகும் இறங்கவில்லை. அடைத்துக்கொண்டுவிட்டது.

"புல்லுத்தான் உருண்டை கட்டியிருக்கும்," என்றாள் அம்மா. அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாரக்கோழி சுணங்கினால் உடையவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அது செத்தால் நாமே அடித்துத் தின்றுவிட்டோம் என்று ஆகிவிடும். அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். அத்தை வந்தார். கோமளத்தைத் தூக்கினார், உருண்டையை அமுக்கினார், கொண்டையை நிமிர்த்திப் பார்த்தார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார் மாமா, கேளுங்கள்.

"இது இனித் தேறாது சரோசா. செத்துப்போச்சுன்னா ஆருக்கும் ஆகாது. மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை வர்றாரு. அதுக்குள்ள அறுத்துப்போடலாம்."

நோயாளியின் முன்னால்! நோயாளியைக் கையில் வைத்துக்கொண்டு!

நான் சொன்னேன், "அத்தை, வைத்தியம் பாக்காம எப்படி அறுப்பீங்க?"

"பாக்கலாமே. பிளேடுல ஒரு கீறு கீறி, உள்ளாற இருக்கறத வழிச்சு எடுத்துட்டு, ஊசிநூல்ல தெச்சு மஞ்சத்தூள் அப்புனா ஆச்சு. இல்லாட்டித் தலைகீழாப் புடிச்சு ஒரு உலுக்கு."

"தலைகீழாப் புடிச்சா தண்ணி மூச்சுக்குழாய்ல ஏறிச் செத்துரும். பிளேடு போட நீங்க டாக்டரா?"

"நீ டாக்டரா அம்மிணி?"

"நான் டாக்டராகத்தான் படிக்கப் போறேன், எம்.ஏ. முடிச்சதும்."

"அந்த டாக்டரு ஊசி போடுமா?"

அம்மா என் கையைக் கிள்ளினாள். "வாரக்கோழிடி. வாய உடாத. அப்பறம் அடுத்த கோழி தர மாட்டாங்க." எங்கள் அம்மா இப்படித்தான். இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவாள். அம்மாவை ஒரு பட்டிமன்ற மேடையில் ஏற்றினால் இரண்டு அணிக்கும் வெற்றி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள்.

அப்போதுதான் மாமா எனக்கு அந்த வாதம் தோன்றியது. எங்கிருந்து வந்ததோ தெரியாது, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்டக்டர் அண்ணா, நீங்களும் கேளுங்கள். நான் சொன்னேன், "அத்தை, கோழி உங்களுது. ஒத்துக்கறேன். இறகு உங்களுது, கால் உங்களுது, கொண்டை உங்களுது. ஆனா தீனிப்பைக்குள்ள இருக்கறது இன்னும் கோழியா ஆகல. அது செரிக்கல. செரிக்காத தீனி எங்க வீட்டுத் தீனி. எங்க பொருள் உள்ள இருக்கும்போது நீங்க கோழியை எடுத்துட்டுப் போக முடியாது."

அத்தை உருண்டையை மறுபடி அமுக்கிப் பார்த்தார். அம்மா வானத்தைப் பார்த்தாள். கோமளம் கழுத்தை ஒருமுறை நீட்டினாள், ஆமோதிக்கிற மாதிரி.

"அப்பச் சரி," என்றார் அத்தை. "உன்ற தீனிய நீ எடுத்துக்கோ, என்ற கோழிய எனக்குக் குடு."

"எடுத்துக்கறேன். நேரம் வேணும்."

"மாப்பிள்ளை வர்ற வரைக்கும் நேரம். அதுக்குள்ள ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, விடிஞ்சதும் இதோட பை காலியா இருந்துச்சுன்னா உசுரோட உட்டர்றேன். இல்லீன்னா குழம்பு."

ஒப்பந்தம் மாமா! வாய் ஒப்பந்தம்!

அப்புறம் நான் செய்த வைத்தியத்தைக் கேட்டால் நீங்கள் அசந்துபோவீர்கள். முதலில் வாயை மோந்து பார்த்தேன். புளித்த மாவு வாடை வந்தால் அது வேறு வியாதி, பை கொழகொழவென்று இருக்கும். வாடை இல்லை, பை கெட்டி. ஆக, அடைப்புத்தான். தீனியை முழுக்க நிறுத்தினேன். கொடாப்பைக் கவிழ்த்து அவளை உள்ளே அடைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும். சொட்டுமருந்துக் குழாயில் தேங்காயெண்ணெயை எடுத்து, அலகின் ஓரமாக, சொட்டுச் சொட்டாக, அவள் விழுங்க விழுங்க விட்டேன். பிறகு மடியில் வைத்துத் தீனிப்பையைச் சுற்றிச் சுற்றித் தடவினேன். சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி இல்லை, குழந்தைக்கு வயிறு தடவுகிற மாதிரி. தடவிக்கொண்டே அவளிடம் பேசுவேன். கூட்டாட்சித் தத்துவம் முழுவதையும் அவளுக்குத்தான் சொல்லிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். எங்கள் வகுப்பில்கூட அப்படி யாரும் கேட்டதில்லை.

சாயங்காலம் பார்த்தால் உருண்டை இளகியிருந்தது. மறுநாள் இன்னும் இளகிற்று. நசுங்கின புல்லாக எச்சத்தில் வெளியே வந்தது. நான் அதை ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துக் கைதட்டிக் குதித்தேன். தெருவில் போன பால்காரர் என்னம்மா விசேஷம் என்று கேட்டார். கோழி வெளிக்குப் போயிருக்கிறது என்றேன். அவர் வண்டியை நிறுத்தவே இல்லை.

ஆனால் விடிந்ததும் பார்த்தால் பை நிறைந்திருக்கிறது! மறுபடி தடவல், மறுபடி எண்ணெய். சாயங்காலம் காலி. மறுநாள் விடிந்தால் மறுபடி நிறை! உலகத்தில் எல்லாக் கோழிக்கும் சாயங்காலம் நிறைந்து காலையில் காலியாகும். என் கோழிக்கு மட்டும் தலைகீழ். ஒவ்வொரு நாளும் அத்தை வேலியைச் சுற்றி வந்து, கொடாப்புக்குள் கையை விட்டு அமுக்கிப் பார்த்து, "காலியாகலையே அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போவார். வருத்தமாக வேறு சொல்வார். நடிப்பு!

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செல்போனில் தேடினேன், புத்தகத்தில் தேடினேன். காற்றைத் தின்று வயிறு நிறைக்கிற கோழி எங்கேயும் இல்லை. கடைசியில் நேற்று விடியற்காலையில் நானே எழுந்து, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

யார் வந்தார்கள் தெரியுமா? உங்கள் மாமியார்! கிளுவை வேலியை விலக்கிக்கொண்டு, முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு, பூனை மாதிரி. கொடாப்புப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூங்கில் இடுக்கு வழியாகக் கம்புத் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிறார். விட்டுக்கொண்டே குசுகுசுவென்று பேச்சு வேறு. "தின்னு சாமி, தின்னு. அந்தப் புள்ள உன்னையப் பட்டினி போட்டே கொல்லுது."

நான் எழுந்து நின்றேன். "அத்தை!"

கம்பெல்லாம் கொட்டிவிட்டது. "ஐயோ, என்ற நெஞ்சே நின்னு போச்சு. கல்லுக்குப் பொறத்தால என்ன பண்ற நீ?"

"நீங்க என்ன பண்றீங்க? தெனமும் நீங்கதான் ரொப்பறீங்களா? பையைக் காலி ஆக விடாம, ஒப்பந்தத்துல என்னைத் தோக்கடிக்கறதுக்கா?"

"விடியால கத்துது அம்மிணி. எங்க வீட்டுக்கு அந்தச் சத்தம் வருது. எனக்குத் தூக்கம் வர்றதில்ல. அறுக்கறதுன்னாலும் பட்டினி போட்டா அறுக்கறது?"

கேட்டீர்களா மாமா? சாட்சியத்தோடு பிடிபட்ட பிறகும் எப்படிப் பேசுகிறார் பாருங்கள். கண்ணில் தண்ணீர் வேறு. பல்கலைக்கழகத்தில் பேச்சுப்போட்டிக்கு வருகிறவர்கள்கூட அவ்வளவு நன்றாக நடிக்க மாட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "ஏன் அம்மிணி, இப்ப இதோட பைக்குள்ள இருக்கறது ஆரோட தீனி?"

நான் கீழே கொட்டிக் கிடந்த கம்பைப் பார்த்தேன்.

"என்ற காட்டுக் கம்பு. கோழி என்ற கோழி, தீனி என்ற தீனி. அப்ப இதுல உனக்கு என்ன இருக்குது?"

என் வாதம் மாமா! நான் பெற்று வளர்த்த வாதம்! அதைத் திருப்பி என் மேலேயே ஏவிவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா எழுந்து வந்து இந்த அதிசயத்தைப் பார்த்துவிட்டுக் காபி போட உள்ளே போனாள்.

ஆனால் நான் விடுவேனா? காபி ஆறுவதற்குள் எனக்குப் பொறி தட்டியது. விடியற்காலையில் அத்தை கம்பு போடுகிறார். சாயங்காலத்துக்குள் பை காலியாகிறது. அப்படியென்றால் கம்பு இறங்குகிறது! வழி திறந்துவிட்டது! தினமும் திறந்துதான் இருந்திருக்கிறது! "அத்தை, நீங்க போட்ட கம்புதான் எனக்குச் சாட்சி. சாயங்காலம் வந்து பாருங்க," என்றேன்.

சாயங்காலம் வந்தார். கோமளத்தைத் தூக்கினார். கையை வைத்தார். பை வெறும் பலூன் மாதிரி தொளதொளவென்று. "அட, தேறிருச்சு! என்ற ராசாத்தி தேறிருச்சு!" என்று கன்னத்தில் வைத்துக்கொண்டார். நான் கைதட்டினேன், அம்மா கைதட்டினாள், மூன்று பேரும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். நிறுத்தம் எது? பஞ்சு மில்லா? சரி, இன்னும் நேரம் இருக்கிறது.

சிரிப்பு அடங்கியது. அத்தை மெதுவாகச் சொன்னார், "நல்லதாப் போச்சு. சீக்குக் கோழிய மாப்பிள்ளைக்குப் போட்டாங்கன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது."

மாமா, அந்த இடத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும்! செத்துவிடும் என்று அறுக்க இருந்த கோழியை, பிழைத்துவிட்டது என்று அறுக்கிறார்கள். "ஒப்பந்தம் என்னாச்சு?" என்று கத்தினேன்.

"விடிஞ்சதும் காலியா இருந்தாத்தானே உடறேன்னேன். ஒரு நாளாவது காலியா இருந்துச்சா?"

"அதுக்குக் காரணமே நீங்கதானே!"

"காரணம் கேக்கறதுன்னு பேசிக்கலையே."

சொல்லுங்கள், இது எந்த ஊர் நியாயம்? விதியை உடைத்தவரே விதியைத் தூக்கிக் காட்டுகிறார்! நான் இரவுச் சாப்பாடு வரைக்கும் வாதாடினேன். அத்தை கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "நானென்ன ஆசைக்கா அறுக்கறேன்? மொத ஆடிக்கு வர்ற மாப்பிள்ளைக்கு நாட்டுக்கோழி போடாம உட்டா ஊரு என்ன பேசும்? சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க? எனக்குக் கோழி வேண்டாம்னு அவரே வாயத் தொறந்து சொன்னா அது வேற. நானா எப்புடி உட முடியும்?" சொல்லிவிட்டு வேலிப்பக்கம் போனவர் திரும்பி வந்து இந்தப் பையை என் கையில் கொடுத்தார். "நாளைக்குத் தாராபுரம் போயி மசாலாச் சாமான் வாங்கிட்டு வா. மாப்பிள்ளை வர்ற பஸ்ஸுலயே வந்துரு. உனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே."

எவ்வளவு ஏளனம் பாருங்கள்! என் வாய்க்குப் பயந்து என்னை ஊரை விட்டே அப்புறப்படுத்திவிட்டார். நான் இல்லாத நேரத்தில் காரியத்தை முடித்துவிடலாம் என்று திட்டம். ஆனால் ஒரு தப்புப் பண்ணிவிட்டார் மாமா. நீங்கள் வருகிற பஸ்ஸிலேயே என்னை ஏற்றிவிட்டார். அதுகூட யோசிக்கத் தெரியவில்லை பாவம்!

நீங்கள் வந்து இறங்கிக் கைகால் கழுவின பிறகுதான் அறுப்பார்களாம், குழம்பு சூடாக இருக்க வேண்டுமாம். ஆக, கோமளம் இந்த நிமிஷம் உயிரோடு இருக்கிறாள். வேப்பமரத்தடியில் ஒரு காலில் கயிறு கட்டி விட்டிருக்கிறார்கள். நான் கிளம்பும்போது தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய தீனிப்பை எவ்வளவு மென்மையானது என்று உங்களுக்குத் தெரியாது. என் விரல்களுக்குத் தெரியும். அவள் விழுங்கும்போது உள்ளே இறங்குவதை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன் மாமா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் போய்விட்டால் நான் இந்த விடுமுறையில் அந்த வீட்டில் இருக்க மாட்டேன்.

என்ன மாமா, வியர்க்கிறதே உங்களுக்கு? ஏறினதிலிருந்து நெஞ்சையும் வயிற்றையும் தடவிக்கொண்டே இருக்கிறீர்கள். மனசு இளகுகிறது, எனக்குத் தெரிகிறது. சோடா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருக்கிறீர்கள், இடுப்பு பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்திவிட்டீர்கள். மனச்சாட்சி உறுத்தினால் அப்படித்தான் மூச்சு முட்டும். நல்ல மனுஷனுக்கு இதுதான் அடையாளம். முறுக்கு வேண்டாம் என்று சொல்லும்போதே நினைத்தேன்.

ஆத்துப்பாலம் வந்துவிட்டது. அடுத்த நிறுத்தம் நம் ஊர். எனக்கு நீண்ட பதில் வேண்டாம். வரலாறு வேண்டாம், சமாதானம் வேண்டாம். மாமியார் முன்னால் போய் நின்று ஒரே வாக்கியம், "எனக்குக் கோழி வேண்டாம்." முடியுமா, முடியாதா? கண்டக்டர் அண்ணா விசில் ஊதுவதற்குள் சொல்லுங்கள். பின் சீட்டு அக்கா, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், நாளைக்குச் சாட்சி வேண்டும். சொல்லுங்கள் மாமா!

"சொல்றனுங்க, சொல்றனுங்க, சித்த மூச்சு உட்டுக்கறேன். கல்யாணம் ஆனதுலிருந்து பெரியப்பன் ஊட்ல விருந்து, சின்னப்பன் ஊட்ல விருந்து, மாமன் ஊட்ல விருந்து, ஒரு ஊட்லயும் எலைய மடிக்க உடறதில்லீங்க. இன்னைக்கு விடிஞ்சும் எனக்கு இங்க கல்லு மாதிரி நிக்குது. கோழிய அவுத்து உட்ருங்க அம்மிணி, அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன். அந்தத் தேங்காயெண்ணெயும் தடவறதும் இருக்குதே, அது மனுசனுக்கு ஆகுமுங்களா?"